கம்பத்துக் கோழி: கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ப்பும் தேர்வும்

கம்பத்துக் கோழி தீபகற்ப மலேசியாவின் நாட்டுக்கோழி. மலாய்க்காரர் ஆயாம் கம்போங் என்பதை இங்குள்ள தமிழர் இந்தப் பெயரில் கேட்டு வாங்குகிறார்கள். வளர்ந்த பெட்டை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். சேவல் அதைவிட அரைக் கிலோ கூடும். நிறத்தில் ஒழுங்கு கிடையாது. செவலையும் கருப்பும் கீரியும் புள்ளியும் ஒரே அடையில் பொரிக்கும். பதிவேடும் தர அட்டவணையும் வைத்திருக்கும் ஐரோப்பிய அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இதை ஓர் இனம் என்றே ஒப்ப மாட்டார்கள். ஆனாலும் ஒரு குணம் தலைமுறைகள் தாண்டி இதில் நிலைத்திருக்கிறது: பெட்டை தானே அடைகாத்து, தானே பொரித்து, தானே மேய்த்துக் குஞ்சுகளை ஆளாக்கிவிடும். வீட்டுப் பின்கட்டில் ஒரு மரபைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் குணத்தைத்தான். இறகின் அழகும் எடையும் அதற்குப் பிறகு.

மூதாதை

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி இன்றும் சிலாங்கூரின் செம்பனைத் தோட்டங்களில் மேய்கிறது. கறுத்த சாம்பல் கால், காதடியில் வெள்ளைப் பொட்டு, பாதியில் அறுந்ததுபோல் முடியும் கூவல் ஆகியவை அதன் அடையாளங்கள். இன்றைய வீட்டுக்கோழிகள் பெரும்பாலும் மியன்மார், வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனா ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழித் துணையினத்திலிருந்து பிரிந்தவை என்று 2020-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மஞ்சள் காலின் கதை வேறு. அந்நிறத்துக்கான மரபணு செங்காட்டுக்கோழி வழியில் வந்ததல்ல, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டனர். கிள்ளானுக்கு அருகே காப்பாரில் ஒரு வீட்டு முற்றத்தில் சீய்க்கும் மஞ்சள்கால் பெட்டைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையோடும் உறவு உண்டு என்று பொருள்.

ஆகவே தூய இரத்தம் தேடி அலைவதில் பயனில்லை. சேவலும் பெட்டையும் காட்டுக்கோழியோடும் கப்பலேறி வந்த கோழிகளோடும் கலந்துதான் இந்தக் கூட்டமே உருவாயிற்று.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

பால்மரத் தோட்டங்களில் லயத்து வீட்டுக் குடும்பங்கள் ஆடு மாட்டோடு கோழியும் வளர்த்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது குடும்பங்கள் அடுக்குமாடிக்கும் வரிசை வீட்டுக்கும் குடிபெயர்ந்தன, கோழி பின்தங்கியது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் மண் தரை உள்ள பின்கட்டைக் காண்பதே இன்று அரிது. கிள்ளானுக்கு வெளியே காப்பார், பந்திங், ஜென்ஜாரோம் பக்கம் போனால் இன்னும் இடம் இருக்கிறது.

கோழி குறைந்தாலும் தேவை குறையவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறு, முனியாண்டிக்கு நேர்ந்த சேவல், தீபாவளிக் குழம்பு, சீனர் வீட்டுப் படையல் என எல்லாவற்றுக்கும் கம்பத்துக் கோழியே கேட்கப்படுகிறது. இந்தத் தேவையை நிரப்ப, பிரான்சில் உருவான, மெதுவாக வளரும் வண்ண இறைச்சிக் கோழிகளும் அவற்றின் கலப்புகளும் பண்ணைகளில் வளர்க்கப்பட்டு அதே பெயரில் பசாருக்கு வருகின்றன. வழக்கமான இறைச்சிக் கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தொடும். இந்த வண்ணக் கோழிகள் அதைவிடச் சில வாரங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நாட்டு இரத்தம் உள்ள கோழிக்கோ முட்டையிடவே ஐந்தாறு மாதம் ஆகும். 2022 ஜூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, இரண்டே வாரத்தில் கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. சிங்கப்பூருக்குப் போகும் அந்த வணிகம் பண்ணைகளின் வணிகம். வீட்டுப் பின்கட்டுக்கு அதில் பங்கு சொற்பமே.

வாங்குபவருக்கு இதில் ஏமாற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, இறைச்சி நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கோழியைக் கொண்டுவந்து இனம் பெருக்க நினைத்தால் மகள்கள் அடையில் உட்கார மாட்டா.

பக்கத்து உறவுகள்

சிலாங்கூரின் செர்டாங்கில் உள்ள மார்டி வேளாண் ஆய்வுக்கழகம் சாகா என்ற கோழியையும், அதே ஊரிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் அகார் புத்ரா என்ற கோழியையும் உள்ளூர்க் கோழிகளைக் கொண்டு உருவாக்கின. விரைவான வளர்ச்சியும் இறைச்சியும்தான் இவற்றின் நோக்கம். செராமா வேறு வகை. 1970-களில் கிளந்தானைச் சேர்ந்த வீ யான் ஈன் உருவாக்கிய இந்தச் சிறு கோழி பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் கீழ். நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் தோரணைக்காக வளர்க்கப்படுவது. தாய்லாந்து மன்னர்களின் ராமா என்ற பட்டத்திலிருந்து பெயர் பெற்றது. இடமில்லாத வீட்டுக்கு ஏற்றது, கறிக்கு ஆகாது. காத்திக் எனப்படும் குட்டைக்கால் கோழியை வளர்ப்பவர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும்: குட்டைக்கால் மரபணு இருபுறமிருந்தும் சேர்ந்தால் கரு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். இரண்டு குட்டைக்கால்களை இணைத்தால் நான்கில் ஒரு பங்கு முட்டை வீண். குட்டைக்காலோடு நெட்டைக்காலை இணைப்பதே முறை.

தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை என்று பிரிப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் கம்பத்துக் கோழி சிறுவிடைக்கு நெருங்கியது. உடல் சிறியது, தாய்மை பெரியது.

தேர்வு

வீட்டுக் கோழிக் கூட்டம் தானாகவே சீரழிவதற்கு ஒரு காரணம் உண்டு. மினுமினுக்கும் செஞ்சேவல் கோவிலுக்குப் போகிறது, கொழுத்த விடை விருந்துக்குப் போகிறது. யாருக்கும் வேண்டாத சோனி மிஞ்சி அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. இப்படிப் பத்து வருடம் நடந்தால் கூட்டம் சிறுத்துப்போவதில் வியப்பில்லை. சட்டிக்குப் போவதை முதலில் முடிவு செய்வதற்குப் பதிலாக, இனத்துக்கு வைத்துக்கொள்ளவேண்டியதை முதலில் காலில் வளையம் போட்டு ஒதுக்கிவிடவேண்டும்.

பெட்டையை மூன்று கட்டங்களில் பார்க்கலாம். எட்டு வாரத்தில் பின்தங்கியவையும் மூக்கு கோணியவையும் கழியும். முட்டையிடத் தொடங்கும்போது எடை, கால், மார்பெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் உண்மையான தேர்வு: முதல் அடை. பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து 21 நாளும் உறுதியாக உட்காருகிறதா, நாளுக்கு ஒருமுறை இறங்கி, தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு முட்டை ஆறுவதற்குள் திரும்புகிறதா, ஓடு உடைக்காமல் இருக்கிறதா, மழை வந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்க்கிறதா, பருந்தின் நிழலுக்குக் குரல் கொடுக்கிறதா? வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, எட்டு வாரத்தில் உயிரோடிருக்கும் குஞ்சு என மூன்று எண்களை எழுதிவைத்தால் போதும். மூன்றாவது எண்ணே பெட்டையின் மதிப்பு. நிறைய முட்டையிட்டு அடைக்கு வராத பெட்டையை முட்டைக்காக வைத்துக்கொள்ளலாம், அதன் மகளை இனத்துக்கு விடக்கூடாது. வெள்ளை லெகார்னில் அடைக்குணம் தேர்வினாலேயே நீக்கப்பட்டது; நீக்க முடிந்ததைக் கவனக்குறைவாலும் இழக்கலாம்.

சேவலை அதன் தாயைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். அடைக்குணம் சேவலின் உடலில் தெரியாது, ஆனால் மகள்களுக்குக் கடத்தப்படும். இரை கண்டதும் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் நல்லது. ஆளைக் கொத்தும் சேவல், குழந்தைகள் உள்ள வீட்டில், எவ்வளவு அழகானாலும் சட்டிக்குத்தான். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

பெரிய வண்ணச் சேவலை ஒருமுறை விட்டு உடம்பைக் கூட்டலாம் என்ற ஆசை பலருக்கு வருகிறது. முதல் தலைமுறை பளிச்சென்று பருக்கும். அடைக்குணம் இழப்பது என்ற விலை அதற்கடுத்த தலைமுறையில் தெரியும்.

உடன்பிறப்புகளை இணைத்தால் ஒரே தலைமுறையில் உள்ளினக் கலப்பு 25 விழுக்காட்டை எட்டும்; பொரிப்பும் உயிர்ப்பும் விழும். இதற்கு எளிய வழி மூன்று வீடுகள் சேர்ந்துகொள்வது. முதல் வீட்டுச் சேவல்குஞ்சு இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டினது மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டினது முதல் வீட்டுக்கும் போகும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும்.

கழுத்தில் இறகில்லாத கோழியை அழகில்லை என்று ஒதுக்குபவர்கள் மறுபடி யோசிக்கலாம். கழுத்து இறகைப் போக்கும் மரபணு ஒற்றையாக இருந்தால் உடலின் இறகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், இரட்டையாக இருந்தால் ஐந்தில் இரண்டு பங்கும் குறையும். நண்பகலில் 33 பாகை தொடும் ஊரில் அது குறையல்ல. வெப்பம்போலவே கோலாலம்பூரில் பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் அரை மணி நேரம்கூட மாறுவதில்லை. எனவே ஐரோப்பாவில்போல் குளிர்காலத்தில் முட்டை நிற்பதில்லை. முட்டை நிற்பது அடையாலும் இறகு உதிர்ப்பாலும்தான்.

கூண்டும் தீனியும்

ஈரமே முதல் எதிரி. தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்திய கூண்டு, இடைவெளி விட்ட பலகைத் தளம், நீட்டிய கூரை, காற்றோட்டம் ஆகியவை வேண்டும். இரவில் மலைப்பாம்பும் மூசாங் எனப்படும் மரநாயும் வரும், பகலில் உடும்பு முட்டை தேடும். கம்பி வலையின் கண் விரலளவுக்கு மேல் இருக்கக்கூடாது. தவிடு, குருணை, தேங்காய்ப் பூ, சோற்று மிச்சம் எல்லாம் ஆகும். பூஞ்சணம் பிடித்த தானியம் மட்டும் ஆகாது.

நோய்

ஒரே வாரத்தில் முற்றத்தைக் காலியாக்குவது வெள்ளைக் கழிச்சல். கம்பத்துக் கோழிக்கு இதற்குத் தடுப்பூசி போடுவதே பெரும்பாடு: மரத்தில் உறங்கும் கோழியை ஒவ்வொன்றாக யார் பிடிப்பது? மருந்தைக் குளிர்ச்சியில் காப்பது எப்படி? 1980-களில் செர்டாங்கில், அப்போது விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், அய்னி இடெரிஸ், லத்தீஃப் இப்ராஹிம் முதலியோர் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்ப்ரோவோடு சேர்ந்து இதற்கு விடை தேடினர். ஆஸ்திரேலியாவில் கிடைத்த வீ4 என்ற நோயுண்டாக்காத வைரஸிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைப் பிரித்து, தீனி உருண்டையில் பூசிக் கிராமக் கோழிகளுக்குத் தின்னக் கொடுத்தனர். ஊசி இல்லை, பிடிக்கத் தேவையில்லை. அந்த முயற்சி பின்னர் ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கும் பரவியது. இந்நோய்க்கான சொட்டு மருந்தை இன்று கால்நடை மருந்துக்கடைகளில் கேட்டு வாங்கலாம். மழைக்காலத்தில் இரத்தக் கழிச்சலும், கொசு மிகுந்தால் அம்மையும் வரும்.

பறவைக் காய்ச்சலுக்கு முன் தேர்வெல்லாம் செல்லாது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூர் எல்லையை ஒட்டிய கோம்பாக் வட்டாரக் கிராமங்களிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோ அருகே பாயா ஜாராஸிலும் எச்5என்1 வைரஸ் கண்டபோது சுற்றுப்புறத்து வீட்டுக் கோழிகள் ஒன்றுவிடாமல் அழிக்கப்பட்டன. ஒரே முற்றத்தில் வைத்த மரபு ஒரே நாளில் போய்விடும். மூன்று வீட்டு ஏற்பாட்டுக்கு இது இன்னொரு காரணம்.

சட்டமும் அண்டைவீடும்

கோழி வளர்ப்பு அந்தந்த உள்ளாட்சி மன்றத்தின் துணைச்சட்டங்களுக்கு உட்பட்டது. கிள்ளானுக்குப் பொருந்துவது கோலாலம்பூருக்குப் பொருந்தும் என்று எண்ணக்கூடாது. சேவல் சண்டை 2015 விலங்குநலச் சட்டப்படி குற்றம். காட்டுக்கோழியைப் பிடித்து வளர்ப்பது 2010 வனவிலங்குச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவைப்படும் காரியம்.

வரிசை வீட்டில் தகராறு பெரும்பாலும் விடியற்காலைக் கூவலால்தான் வரும். முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேண்டும். சேவல் வைக்க முடியாதவர் அடைக்கு வந்த பெட்டைக்குப் பந்திங்கிலோ காப்பாரிலோ உள்ள சொந்தக்காரரிடமிருந்து கருவுள்ள முட்டை கொண்டுவந்து வைக்கலாம். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கவேண்டும், கூர்முனை கீழே இருக்கும்படி கொண்டுவரவேண்டும், வந்ததும் அரை நாள் அசையாமல் வைத்துவிட்டு, இரவில் பெட்டைக்கு அடியில் தள்ளவேண்டும். ஏழாம் நாள் இருட்டில் விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் கரு நரம்புகள் சிவப்பாகத் தெரியும். தெளிவாக இருப்பது கூமுட்டை, எடுத்துவிடலாம்.