தாம்பரம் பயிற்சி விவகாரம்

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி பெற்றுவந்த இலங்கை விமானப்படையினர், தமிழகக் கட்சிகளின் எதிர்ப்பால் 2012 ஜூலையில் பெங்களூரை அடுத்த எலகங்காவுக்கு மாற்றப்பட்ட நிகழ்வு. வெளியுறவில் டெல்லியின் கையை உள்நாட்டு அரசியல் எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்குச் சான்றாகக் கூறப்படுவது.

ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் அரசமைப்பின் 53ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவருடையது. 74ஆம் பிரிவுப்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனையில் செயல்படுகிறார். வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் அடங்கும். மாநிலங்களுக்கு இதில் சட்டப்படி பங்கில்லை. ஆயினும் அவை எதிர்ப்பைக் காட்டியதுண்டு. 1974இல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தை எதிர்த்துத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் ஒப்பந்தம் நிலைத்தது. 1990 மார்ச்சில், இலங்கையிலிருந்து திரும்பி வந்த இந்திய அமைதிப்படையை வரவேற்க முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை.

சேலையூரை ஒட்டிய தாம்பரம் தளத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் இயங்குகிறது. சர்ச்சைக்குள்ளான ஒன்பது பேரோ விமானிகளாகப் பயிற்சி பெற வந்தவர்கள் அல்லர்; தொழில்நுட்பப் பயிற்சிக்கு வந்தவர்கள். இந்த வேறுபாடு அன்றைய விவாதத்தில் பெரிதாக எடுபடவில்லை. 2009 இறுதிப் போரின் வான்தாக்குதல்கள் நினைவில் ஆறாதிருந்த நிலையில் எடுபட்டிருக்கவும் முடியாது. முதல்வர் ஜெ. ஜெயலலிதா கண்டித்தார், தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. ஆகியனவும் எதிர்த்தன. மத்திய அரசு பயிற்சியை ரத்து செய்யாமல் இடத்தை மட்டும் மாற்றியது. எலகங்காவும் இந்தியாவில்தானே இருக்கிறது, அவர்களை நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஜெயலலிதாவின் நிலை.

இந்தப் பணிவுக்குக் காரணம், கூட்டணி அரசைத் தாங்கிய தி.மு.க.வின் 18 மக்களவை உறுப்பினர்கள் என்பர் சிலர். தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இரு கழகங்களின் போட்டியே என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் இடமுண்டு. அடுத்து ஆகஸ்டில் நீலகிரியின் வெலிங்டன் படைக் கல்லூரியில் இருந்த இரு இலங்கை அதிகாரிகளைத் திருப்பி அனுப்பும் கோரிக்கை எழுந்தது. இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும் என்றது பாதுகாப்பு அமைச்சகம். செப்டம்பரில் சென்னையில் ஆட வந்த இலங்கைப் பள்ளிக் கால்பந்து அணி மாநில அரசால் திருப்பி அனுப்பப்பட்டது. ஆட அனுமதித்த விளையாட்டரங்க அலுவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். போருக்குப் பொறுப்பேதும் இல்லாத அந்தச் சிறுவர்களை இதில் இழுத்திருக்க வேண்டியதில்லை.

2013 மார்ச் 19இல் தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது, ஆனால் தி.மு.க. கேட்ட ‘இனப்படுகொலை’ என்ற சொல் அதில் இடம்பெறவில்லை. நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் சென்றார். தமிழக எதிர்ப்பே காரணம் என்பது பரவலான கருத்து.

வெளியுறவு முடிவை உள்நாட்டு எதிர்ப்பு நெருக்கியதற்கு இலங்கையிலும் இணை உண்டு. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிபர் ஜெ. ஆர். ஜெயவர்த்தனாவை அவருடைய பிரதமர் பிரேமதாசாவே எதிர்த்தார்.

ஆனால் தமிழக உணர்வு டெல்லியை எப்போதும் கட்டிப்போடவில்லை. இலங்கை பற்றிய 2014, 2021 ஜெனீவா வாக்கெடுப்புகளில் இந்தியா நடுநிலை வகித்தது. பின்னது தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரு வாரம் முன்பு நடந்தது.