வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயமும் இடிக்கப்பட்ட சுவரும்

தோவாளையிலிருந்து கிழக்கே சென்று ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாஞ்சில் நாடு முடிந்து நெல்லைச் சீமை தொடங்குகிறது. அவ்வெல்லைக்கு அப்பால், இராதாபுரம் வட்டத்தில் அமைந்துள்ள வடக்கன்குளம், தென்னாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும்.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நட்டாலம் நீலகண்டன், படைத்தலைவர் டிலனாயின் கடிதத்துடன் இவ்வூர் வந்து, இயேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளாரிடம் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலை, தோவாளை வட்டத்து ஆரல்வாய்மொழியை அடுத்துள்ளது. ஆதலின் கணவாயின் இருபுறமும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் எனலாம்.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது, 1814இல் உயிர்பெற்றது. 1837இல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் வந்து பழைய மதுரை மிஷனைப் புதுப்பித்தனர். அவர்கள் காலத்தில் எழுப்பப்பட்டு 1872இல் நிறைவுற்றதே வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்.

இவ்வாலயத்தின் அமைப்பு விந்தையானது. ஒரே பீடத்தை நோக்கி இரு நீள்மண்டபங்கள் வந்து கூடுகின்றன. இடையே சுவர். ஒரு மண்டபத்தில் பிள்ளை, முதலி வகுப்பினர். மற்றதில் நாடார் முதலிய பிற வகுப்பினர். பீடம் அனைவர்க்கும் தெரியும். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. இரு கால்களாகப் பிரிந்த வடிவம் கருதி இதனைக் 'கால்சட்டைக் கோயில்' என்றும் அழைத்தனர். இருசாரார் பூசலைத் தணிக்கக் கண்ட உபாயம், பூசலையே கல்லும் சுண்ணாம்புமாக்கி நிலைநிறுத்திற்று. மனிதர் அனைவரும் இறைவன் மக்கள் என்று போதிக்க வந்தோர், உள்ளூர் வழக்கத்துக்கு எவ்வளவு தூரம் இணங்கிப் போயினர் என்பதற்கு இக்கட்டடமே சான்று.

1910இல் பிரெஞ்சுக் குருவாகிய கௌசானல் அடிகளார் அத்தடுப்பை அகற்றினார். சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும், தங்கள் தனியிடம் தங்களுக்கே வேண்டும் எனப் பிள்ளை, முதலி வகுப்பினர் வழக்குத் தொடுத்தனர். திருச்சிராப்பள்ளி ஆயரை எதிர்த்த அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே' எனச் சட்ட நூல்களில் இடம்பெற்றுள்ள தீர்ப்பில், இத்தகைய கோரிக்கை உரிமையியல் உரிமையாகாது என்று வழக்கு தள்ளப்பட்டது. ஆலயத்தினுள் சாதிக்குத் தனியிடம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பது இதனால் துலங்கிற்று. பிற்காலத்து வழக்குகளிலும் இத்தீர்ப்பு எடுத்தாளப்படுவது குறிப்பிடத்தக்கது.

சுவர் வீழ்ந்தபின்னும் கணக்கு முற்றுப்பெறவில்லை. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அதற்குமுன், அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்த, வத்திக்கான் அதனை நீக்கிற்று. அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில் சுவர் இடிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னரே அவர் பெயரிலிருந்து சாதி நீங்கியது. கல்லாலான சுவரினும் சொல்லாலான சுவர் வலிது போலும்!

பழைய ஆலயங்களின் கோபுர உயரத்தை மட்டும் அளப்பது வரலாறு ஆகாது; அவற்றினுள் யார் எங்கே நிற்க வைக்கப்பட்டனர் என்பதையும் உரைப்பதே வரலாறு.