மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம்

சேலம் ஏற்காடு சாலையில் இயங்கிய படப்பிடிப்பு நிலையம், திரைப்படத் தயாரிப்பு நிறுவனம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் பயின்ற டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் இதை நிறுவினார். முதல் படம் ‘சதி அகல்யா’ (1937).

சினிமா வேலை என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையை இந்நிறுவனம் பல ஆண்டுகள் மாற்றி வைத்திருந்தது. இதுவே அதன் தலையாய சாதனை. படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவு, ஆய்வகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. கலைஞர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளம் பெற்றனர். ‘மந்திரி குமாரி’ (1950) படத்துக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி சேலத்தில் குடியிருந்தே பணியாற்றினார். சேலத்துக்கு அருகிலுள்ள புதுச்சத்திரம், ராசிபுரம் வட்டாரத்துக்குத் திரைத்தொழில் பஸ் போகும் தூரத்தில் இருந்த காலம் அது.

பிறமொழிப் பட வேலையும் சேலத்தைத் தேடி வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இங்கே உருவானது. ‘தி ஜங்கிள்’ (1952) அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பு. தமிழிலும், முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இந்நிறுவனத்தின் வெளியீடே.

சுந்தரம் 1963இல் காலமானார். மகன் ராமசுந்தரம் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற, நடிகர் ஜெய்சங்கரின் படங்களைத் தயாரித்தார். ஆனால் நடிகர்கள், விநியோகஸ்தர்கள், தொழில்நுட்பக் கூடங்கள் யாவும் சென்னைக் கோடம்பாக்கத்தில் குவிந்துவிட்டதால் சேலத்தில் தயாரிப்பு படிப்படியாக நின்றது. வளாக நிலம் பின்னர் குடியிருப்பாயிற்று.