திரையில் இல்லை, ஃபைலில் இருக்கு: வீடியோ கேமுக்குள் ஒளிந்திருக்கும் 'மிச்சங்கள்' – என்ன அது? பெற்றோர் ஏன் கவனிக்கணும்?

"அடுத்த அப்டேட்ல இந்தத் துப்பாக்கி வருது, ஃபைல்லயே இருக்கு!" ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ ஆடுபவர்கள் இப்படி ஒரு 'லீக்' வீடியோவையாவது யூடியூபில் பார்த்திருப்பார்கள். கம்பெனி எதையும் அறிவிக்கவில்லை. அப்புறம் எப்படித் தெரிந்தது?

விஷயம் ரொம்ப எளிது. சென்னையில் இருந்தாலும் சரி, காரைக்கால் மாவட்டம் கருக்களாச்சேரியில் இருந்தாலும் சரி, அதே அப்டேட்டை டவுன்லோட் செய்த எல்லோருடைய போனுக்குள்ளும் அந்தத் துப்பாக்கி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கலாம். திரையில் மட்டும்தான் தெரியாது. இப்படி வராமலே போன பொருட்கள், பாதியில் கைவிட்ட காட்சிகள், சோதனைக்காகப் போட்ட மெனுக்கள் எனப் பல மிச்சங்கள் அநேகமாக எல்லா பெரிய கேமிலும் இருக்கின்றன.

சுவாரஸ்யத்துக்காக மட்டும் இதைப் பேசவில்லை. இப்படி ஒரு மிச்சத்தால்தான் உலகத்திலேயே பிரபலமான கேம் ஒன்று கடைகளை விட்டே போனது.

வேண்டாம்னா அழிக்க வேண்டியதுதானே?

வீட்டில் பழைய ஃபேன் பாயின்ட் வேண்டாம் என்றால், எலெக்ட்ரீஷியன் சுவரை உடைத்து ஒயரை உருவுவதில்லை. கனெக்‌ஷனைத் துண்டித்து, மேலே ஒரு மூடியைப் போட்டுவிட்டுப் போவார். ஒயர் உள்ளேயேதான் இருக்கும். கேம் உருவாக்குபவர்கள் செய்வதும் இதைத்தான்.

காரணங்கள் பல. கேமின் கோடு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரு காட்சியை முழுசாக எடுத்தால், அதோடு தொடர்புள்ள வேறு எங்கோ ஒரு இடத்தில் கேம் நின்றுபோகலாம். ரிலீஸ் தேதி நெருங்கும்போது அந்த ரிஸ்க்கை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தக் காட்சிக்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிடுவார்கள்.

இன்னொரு காரணம், முன்கூட்டியே அனுப்பி வைப்பது. தீபாவளி ஈவென்ட்டுக்கான உடைகளை அன்றைக்கே கோடிக்கணக்கான போன்களுக்கு அனுப்பினால் சர்வர் திணறும். அதனால் முந்தைய அப்டேட்டிலேயே அனுப்பிவிட்டு, அந்த நாளில் சர்வரில் இருந்து ஒரு சுவிட்சை மட்டும் தட்டுவார்கள். 'லீக்' வீடியோக்களின் சரக்கு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

படம், ஒலி, 3டி மாடல் எல்லாவற்றையும் கேம்கள் பெரிய தொகுப்பு ஃபைல்களில் அடைத்து வைத்திருக்கும். பிஜிஎம்ஐ உருவான அன்ரியல் இன்ஜினில் அதற்குப் பெயர் 'பாக்' ஃபைல். ஃப்ரீ ஃபயர் உருவான யூனிட்டியில் 'அசெட் பண்டில்'. இவற்றைப் பிரித்துப் பார்க்கும் மென்பொருட்கள் உண்டு. இந்த வேலைக்கு 'டேட்டா மைனிங்' என்று பெயர்.

'தி கட்டிங் ரூம் ஃப்ளோர்' என்ற இணையதளம் ஆயிரக்கணக்கான கேம்களின் மிச்சங்களைத் தேடி எடுத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறது. எடிட்டிங் அறையில் வெட்டி எறியும் ஃபிலிம் துண்டுகள் தரையில் கிடக்குமே, அதை வைத்துத்தான் இந்தப் பெயர்.

'ஈஸ்டர் எக்' என்பது வேறு. 1980-ல் வெளியான அட்டாரி நிறுவனத்தின் 'அட்வென்சர்' கேமில், வாரன் ராபினெட் ஒரு ரகசிய அறையில் தன் பெயரை ஒளித்து வைத்தார். கேம் உருவாக்கியவர்களின் பெயரை அட்டாரி அப்போது வெளியிடாது என்பதுதான் காரணம். அது யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று வைத்தது. மிச்சங்கள், யாரும் பார்க்கக் கூடாது என்று விட்டது.

'ஹாட் காபி': என்ன நடந்தது?

2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியானது 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்'. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த கேம். இதில் ஹீரோ சிஜே-வை அவனுடைய தோழி காபி குடிக்க வீட்டுக்குள் அழைப்பாள். கேமரா வாசலிலேயே நின்றுவிடும்.

உள்ளே நடப்பதை ஒரு மினி கேமாகவே ராக்ஸ்டார் நிறுவனம் முதலில் உருவாக்கியிருந்தது. பாலுறவைக் காட்டும் காட்சி அது. பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் அழிக்கவில்லை, வழியை மட்டும் அடைத்தார்கள்.

2005 ஜூனில் கம்ப்யூட்டர் பதிப்பு வந்தது. சில நாட்களுக்குள் நெதர்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் வில்டன்போர்க், 'ஹாட் காபி' என்ற சின்ன மாற்று ஃபைலை இணையத்தில் வெளியிட்டார். அதைப் போட்டால் அடைத்த வழி திறந்துகொள்ளும்.

இது ஹேக்கர்கள் வேலை என்றுதான் ராக்ஸ்டார் முதலில் சொன்னது. ஆனால் சீட் கோடு போடும் கருவி ஒன்று இருந்தால், பிளேஸ்டேஷன் டிஸ்க்கிலும் அதே காட்சியைத் திறக்க முடிந்தது. அந்த டிஸ்க்கில் வெளியாள் யாரும் எதையும் சேர்க்க முடியாது. அதாவது, காட்சி கடையில் விற்ற டிஸ்க்கிலேயே இருந்தது.

2005 ஜூலை 20 அன்று, அமெரிக்காவில் கேம்களுக்கு வயது முத்திரை கொடுக்கும் இஎஸ்ஆர்பி அமைப்பு, 17 வயதுக்கு மேல் என்றிருந்த முத்திரையை '18-க்கு மேல், பெரியவர்களுக்கு மட்டும்' என மாற்றியது. பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின. ஆஸ்திரேலியா விற்கவே அனுமதி மறுத்தது. திரும்பி வந்த டிஸ்க்குகளால் தாய் நிறுவனமான டேக்-டூவுக்கு ஏற்பட்ட செலவு சுமார் 2.45 கோடி டாலர்.

அதற்கப்புறம் என்ன மாறியது?

2006-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியுடன் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இஎஸ்ஆர்பியும் விதியை இறுக்கியது. ஆட்டத்தில் தெரியாமல் பூட்டி வைத்திருந்தாலும், டிஸ்க்கில் இருக்கும் முக்கியமான விஷயங்களை முத்திரை கேட்கும்போதே சொல்லியாக வேண்டும். 'தெரியாத இடத்தில் இருக்கு, அதனால கணக்கில் வராது' என்ற வாதம் அதோடு முடிந்தது.

அதே 2006-ல் 'ஆப்லிவியன்' என்ற கேமின் வயது வரம்பும் உயர்த்தப்பட்டது. ஃபைலுக்குள் பூட்டியிருந்த ஒரு நிர்வாணப் படம் அதற்கு ஒரு காரணம்.

இத்தனை பட்ட பிறகும் பாடம் முழுசாக ஏறவில்லை. 2021 நவம்பர் 11 அன்று பழைய மூன்று ஜிடிஏ கேம்களைப் புதுப்பித்து வெளியிட்டது ராக்ஸ்டார். உடனேயே கம்ப்யூட்டர் பதிப்பை விற்பனையில் இருந்து எடுத்தது. தவறுதலாகச் சேர்ந்துவிட்ட ஃபைல்களை நீக்குகிறோம் என்று விளக்கம் சொல்லி, சில நாட்களில் திரும்பக் கொண்டுவந்தது. என்னென்ன ஃபைல் என்று நிறுவனம் பட்டியல் போடவில்லை. உள்ளே பார்த்தவர்கள் சொன்னவை: உரிமம் முடிந்த பாடல்கள், உருவாக்கியவர்கள் எழுதி வைத்த குறிப்புகள், அதே பழைய 'ஹாட் காபி' கோடு.

எல்லா மிச்சமும் ஆபத்தா?

இல்லை, சில மிச்சங்கள் பொக்கிஷம். 1996-ல் வந்த முதல் 'போகிமான்' கேமில் சோதனைக் கருவிகளை நீக்கியபோது 300 பைட் இடம் காலியானது. புரோகிராமர் ஷிகெகி மோரிமோட்டோ அந்தத் துளி இடத்துக்குள் 'மியூ' என்ற போகிமானைச் செருகினார். கேமின் கோளாறுகள் வழியாக ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்துவிட, பேச்சு பரவியது. பிறகு 20 பேருக்கு மட்டும் மியூ தருவதாக ஒரு ஜப்பானிய இதழில் போட்டி அறிவித்தார்கள். வந்து குவிந்த விண்ணப்பங்கள் சுமார் 78,000.

1992-ல் 'சோனிக் 2' கேமில் இருந்து நீக்கிய 'ஹிடன் பேலஸ்' என்ற பகுதி, 2013-ல் மொபைல் பதிப்பில் முறைப்படி திரும்பி வந்தது. 2004-ல் அவசர அவசரமாக வெளியான ஸ்டார் வார்ஸ் கேம் ஒன்றில் பாதியில் நின்ற காட்சிகளை, ரசிகர்களே பல ஆண்டு உழைத்து ஃபைல்களில் இருந்து மீட்டுக் கொடுத்தார்கள்.

நம்ம ஊர் பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

இந்தியாவில் சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. வீடியோ கேமுக்கு அப்படி ஒரு வாரியம் கிடையாது. பிளே ஸ்டோரில் தெரியும் 12+, 16+ எல்லாம் 'ஐஏஆர்சி' என்ற சர்வதேச முறையில், கேம் நிறுவனம் பூர்த்தி செய்யும் கேள்வித்தாளை வைத்து வருபவை. அந்த எண்ணைப் பார்ப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

அதைவிடப் பெரிய ஆபத்து 'மோட் ஏபிகே'. "ஒளிஞ்சிருக்கிற ஸ்கின் எல்லாம் இதுல ஃப்ரீ" என்று சொல்லி வாட்ஸ்அப், டெலிகிராமில் சுற்றும் மாற்றப்பட்ட செயலிகள் இவை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டபோது, வெளியில் கிடைத்த ஏபிகேவை இறக்கிப் போடும் பழக்கம் பலருக்குத் தொற்றிக்கொண்டது.

மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. ஃபைலில் இருப்பது அறிவிப்பு அல்ல. லீக் வீடியோவில் பார்த்த ஸ்கின் வராமலே போகலாம். அதை நம்பி முன்கூட்டியே டைமண்ட், யூசி வாங்கிக் குவிக்க வேண்டாம்.

2. மாற்றப்பட்ட ஏபிகே மூலம் பூட்டியதைத் திறந்தால் அக்கவுன்ட்டே தடை ஆகலாம். ஆன்லைன் கேமில் எந்த ஸ்கின் யாருடையது என்ற கணக்கு சர்வரில்தான் இருக்கும். போனில் மாற்றினால் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியலாம், சொந்தமாகாது.

3. யார் மாற்றினார்கள் என்றே தெரியாத செயலி, எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். வீட்டில் பெரும்பாலும் அம்மா, அப்பா போனில்தான் பிள்ளைகள் ஆடுகிறார்கள். வங்கி ஓடிபி வருவதும் அதே போனுக்குத்தான்.