விதைத்தவர் ஒருவர்

ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி நாள் என்றால் வரிசை எவ்வளவு நீளும்னு நமக்குத் தெரியும். அந்தச் சப்பாத்திக்கும் நம்ம கொங்கு மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் பெயர் சி. சுப்பிரமணியம்.

1910-ல் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு சட்டம், சுதந்திரப் போராட்டத்தில் சிறை. 1952-ல் ராஜாஜி அமைச்சரவையில் மந்திரியானார். 1954-ல் கட்சித் தலைவர் போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். ஆனாலும் காமராஜர் அவரையே மந்திரியாக்கினார். மதிய உணவுத் திட்டம் வந்தபோது கல்வி மந்திரி இவர்தான்.

1962-ல் டெல்லி போனார். முதலில் உருக்குத் துறை. 1964-ல் சாஸ்திரி உணவு, விவசாயத்தை ஒப்படைத்தார். 1965, 1966 என்று அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷனில் கோதுமை. "அந்தக் கோதுமைக்குக் கால் கடுக்க நின்னோம்டா" என்று என் பாட்டி சொல்வார்.

மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை நல்ல மகசூல் தரும் என்றார்கள் எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள். அந்நியச் செலாவணி வீண் என்று எதிர்ப்பு கிளம்பியது. சுப்பிரமணியம் தன் டெல்லி பங்களாவின் புல்வெளியை உழுது அந்த ரகத்தை விதைத்துக் காட்டினார். 1966-ல் 18,000 டன் விதை இறக்குமதியானது.

1967-ல் தேர்தல். தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சம்தான் பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. நாட்டுக்கே சோறு தேடிய மந்திரி, கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார்!

அடுத்த வருஷமே, 1968-ல், கோதுமை விளைச்சல் சுமார் 1 கோடியே 65 லட்சம் டன். 1965-ல் இருந்தது சுமார் 1 கோடியே 20 லட்சம். மூட்டை வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். நாற்காலியில் அவர் இல்லை. பின்னால் நிதி மந்திரி, கவர்னர், 1998-ல் பாரத ரத்னா எல்லாம் வந்தன. 2000-ல் காலமானார்.

பசுமைப் புரட்சியால் பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கியது என்ற குறையும் உண்மைதான். ஆனால் அன்றைக்குப் பசி காத்திருக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு குடிநீர்த் திட்டத்தில், குழாயில் தண்ணீர் வருமுன்பே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. திறப்பு விழா போட்டோவில் நான் இல்லை. வருத்தமாத்தான் இருந்தது. அப்போது நினைவுக்கு வந்தவர் இவர்.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அதுக்காக விதைக்காம இருந்துடாதீங்க.