சினையும் உப்பும்



அம்பத்தூர் ஏரியின் கலங்கல் வழிந்தோடிய ஓர் ஐப்பசி மாதத்தில், என் வகுப்பு மாணவன் ஒருவன் வாழையிலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால், கெண்டை மீனின் வயிற்றிலிருந்து எடுத்த சினை! “ஐயா, இதை உப்பிட்டு வைத்துத் தூண்டிலில் இரையாகக் கோக்கலாமா?” என்று கேட்டான். நம் பக்கத்துச் சிறுவர்கள் மண்புழுவையும் மாவுருண்டையையுமே இரையாக அறிந்தவர்கள். ஆதலால் அக்கேள்வி எனக்குப் புதுமையாகப் பட்டது. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு நூல்களைத் தேடினேன்.

இரையைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசத்தில், தூண்டில் போடுதல் அரசர்க்குரிய பொழுதுபோக்காகவே விரித்துரைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் சினையை இரையாகப் பதப்படுத்தும் கலைக்குப் பேர்பெற்ற நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. சால்மன் மீனின் சினை சிறந்த இரை என்று தாமஸ் பார்க்கர் என்பவர் 1657-இல் நூலில் எழுதினார். முறை எளிது. சினையைச் சவ்வு கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, நீர் வடியவிட்டு, சாடியில் அடைத்து, காற்றுப் புகாதபடி மேலே கொழுப்பை உருக்கி ஊற்றிவிடுவார்கள். உப்பு முட்டையினுள் இருக்கும் நீரை இழுத்துவிடுகிறது. நீர் குறைந்தால் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. சினையும் இறுகித் தூண்டில் முள்ளில் நிற்கும்.

இதனால் விளைந்த கேடு யாதெனில், சாடி நிரப்புவதற்காகவே சினைமீன்களைக் கொன்றார்கள். ஒரு மீனைக் கொன்றால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் போயின. எனவே 1861-ஆம் ஆண்டுச் சால்மன் மீன்பிடிச் சட்டம், சினையைக் கொண்டு மீன் பிடிப்பதையே தடுத்துவிட்டது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அத்தடை தொடர்ந்தது.

மீனைக் காக்க அங்கே சட்டம் செய்த அதே ஆட்சி, இங்கே என்ன செய்தது? சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை. வரிச்சுமை ஏறிய உப்பை வாங்க இயலாத மீனவர்கள் உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்தினர். வருவாய் குறையும் என்று அதையும் தடுத்தார்கள். விளைவு, பிடித்த மீன் கரையிலேயே அழுகியது. சென்னை மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர், கடல்மீன் பற்றி 1873-இல் வெளியான தம் அறிக்கையில் இத்துயரை எடுத்துக் காட்டினார். அரசுக்கு அது இனித்திருக்காது. எனினும் பலன் கிடைத்தது. 1880-களில் மாகாணக் கடற்கரைகளில் மீன் உப்பிடும் களங்கள் இயங்கின. அங்கே வரியில்லா உப்புக் கிடைத்தது. ஆனால் மீனைக் களத்துக்கே கொணர வேண்டும்; அதிகாரியின் கண்முன் உப்பிட வேண்டும்; வீட்டுக் குழம்புக்கென்று ஒரு சிட்டிகையும் வெளியே கொண்டுபோகலாகாது!

களங்கள் கடலோரத்துக்கே உரியவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரிகளில் வலை வீசியவனுக்கு அந்தச் சலுகை எட்டவில்லை. 1888-இல் சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு வரி இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான், சென்னையில் உயர்பதவி வகித்த எச். எஸ். தாமஸ், ஏரி குளங்களில் தூண்டில் போடும் இன்பத்தைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். பொழுதுபோக்குக்குத் தூண்டில் பிடித்தவருக்கு உப்பு விலை ஒரு பொருட்டாக இருந்திராது. ஏரிமீனை அன்றன்றே விற்றாக வேண்டியவனுக்கோ, விற்காத மீனைக் காக்க உப்புத்தான் வேண்டும்.

அந்த வரி 1947-இல் நீங்கியது.

ஒரு வாரம் கழித்து, இவ்வளவையும் சொல்லும் ஆவலோடு அம்மாணவனை அழைத்தேன். “சினை பதமாயிற்றா?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அம்மா அன்றைக்கே மிளகாய் போட்டு வறுத்துவிட்டார்கள் ஐயா” என்றான்.