கலெக்டர் என்பவர் வசூலிப்பவரா, ஆள்பவரா? இங்கிலாந்து ஷெரிஃப் முதல் திருப்பதி ஆட்சியர் வரை ஒரு பதவியின் கதை

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆகின. அன்றுதான் சித்தூரிலிருந்து பிரிந்து, நெல்லூரின் கூடூர், சூலூர்பேட்டை பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு திருப்பதி தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு கலெக்டர் ஆபீஸ். அதற்குத் தேர்வான இடம் திருச்சானூரில் உள்ள பத்மாவதி நிலையம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் பக்தர்கள் தங்குவதற்காகக் கட்டிய விடுதி அது. கோவில் பணத்தில் கட்டிய இடத்தை அரசு எப்படி எடுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது.

அந்தச் சர்ச்சையில் பலருக்கும் தெரியாத ஒரு பழைய விஷயம் உண்டு. 1843 வரை திருமலைக் கோவிலையே நடத்தியவர் கலெக்டர்தான். கோவில் மட்டுமா? நிலவரி அவரிடம், போலீஸ் அவரிடம், மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவரிடம். இவ்வளவையும் ஒரே ஆளிடம் கொடுப்பது ஆபத்து என்பது பிரிட்டிஷாருக்கு நன்றாகவே தெரியும். சொந்த நாட்டில் அதே மாதிரி ஒரு பதவியைப் பல நூற்றாண்டுகளாகப் பிரித்துப் பிரித்து வெறும் அலங்காரப் பதவியாக்கியவர்கள் அவர்கள். அந்தப் பதவியின் பெயர் ஷெரிஃப்.

ஷெரிஃப் என்பவர் யார்?

ஷெரிஃப் என்றதும் தொப்பியும் நட்சத்திர பேட்ஜும் நினைவுக்கு வந்தால், அது ஹாலிவுட் வெஸ்டர்ன் படங்களின் வேலை. ராபின் ஹுட் கதையில் வரும் நாட்டிங்ஹாம் ஷெரிஃப் இன்னும் கொஞ்சம் நெருக்கம். இங்கிலாந்தில் கவுன்டி என்பது கிட்டத்தட்ட நம்ம மாவட்டம். அதன் பழைய பெயர் ஷையர். ரீவ் என்றால் அரசனின் காரியஸ்தர். ஷையர்-ரீவ் என்ற இரண்டு சொல்லும் ஒட்டி ஷெரிஃப் ஆனது. 1066-இல் நார்மன்கள் வருவதற்கு முன்பே இருந்த பதவி இது. நார்மன் அரசர்கள் அதற்குக் கூடுதல் பலம் கொடுத்தார்கள்.

அரசனுக்கு வரவேண்டிய பணத்தை வசூலிப்பது, கவுன்டி நீதிமன்றத்தை நடத்துவது, குற்றவாளியைப் பிடிப்பது, சிறையைப் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் ஊர் ஆண்களைத் திரட்டிப் படை கிளப்புவது எல்லாமே அவர் வேலை. சுருக்கமாக, லண்டனில் இருக்கும் அரசனுக்கு அந்த மாவட்டத்தில் அவர்தான் கண், காது, கை.

இதில் கவனிக்க வேண்டியது வசூல் நடந்த விதம். ஷெரிஃப் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையை அரசனின் கஜானாவுக்குக் கட்டுவார். அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் அவருக்கு. அப்படியென்றால் இது என்ன? சுத்தமான குத்தகை! ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் கடைசியிலும் ஷெரிஃப்கள் கஜானா அதிகாரிகள் முன் வந்து கணக்குக் காட்டுவார்கள். கட்டம் போட்ட துணி விரித்த மேஜையில் காய்களை நகர்த்திக் கணக்கு நடக்கும். 1130-ஆம் ஆண்டின் கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது.

குத்தகை எடுத்தவர் லாபம் பார்க்கத்தானே செய்வார்? புகார்கள் குவிந்தன. 1170-இல் இரண்டாம் ஹென்றி நாடு முழுக்க விசாரணை நடத்தி, பெரும்பாலான ஷெரிஃப்களை வீட்டுக்கு அனுப்பினார். 1194-இல் கொரோனர் என்ற தனிப் பதவி வந்தது. 1215-இன் மேக்னா கார்ட்டாவை மனித உரிமையின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி பேசுகிறோம். உட்கார்ந்து படித்தால், அதில் கணிசமான பகுதி ஷெரிஃப் மேல் உள்ள கடுப்பு! ஷெரிஃப் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கக் கூடாது, கவுன்டி குத்தகையை உயர்த்தக் கூடாது, சம்மதம் இல்லாமல் யாருடைய குதிரையையும் வண்டியையும் எடுக்கக் கூடாது என்று ஷரத்துகள் இருக்கின்றன. அன்றைய நாட்டிங்ஹாம் ஷெரிஃப் பிலிப் மார்க்கின் பெயரையே எழுதி, அவரைப் பதவியில் வைக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து. அவரோ, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார் என்பது வேறு கதை.

பிறகு 1340-இல், ஒருவர் ஓராண்டுக்கு மேல் ஷெரிஃபாக நீடிக்கக் கூடாது என்று சட்டம். 1361-இல் வந்த அமைதி நீதிபதிகள் சிறு வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். படை திரட்டும் வேலை 16-ஆம் நூற்றாண்டில் லார்ட் லெஃப்டினன்ட்டிடம் போனது. இன்று ஹை ஷெரிஃப் என்பது ஓராண்டு கௌரவப் பதவி, சம்பளம் கிடையாது. பெயர்ப் பட்டியலில் மன்னர் ஒரு ஊசியால் குத்தித் தேர்ந்தெடுக்கும் சடங்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவுக்கும் ஷெரிஃப் வந்தார். 1726-இன் அரச சாசனப்படி மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களுக்கும் ஷெரிஃப்கள் நியமிக்கப்பட்டார்கள். நீதிமன்றத்தின் சம்மன், வாரன்ட்களை நிறைவேற்றுவது அவர்கள் வேலை. பின்னாளில் அது பிரமுகர்களுக்கான மரியாதைப் பதவியானது. 1980-இல் பம்பாய் ஷெரிஃபாக இருந்தவர் நடிகர் திலீப் குமார். ஆனால் இந்தியாவில் ஷெரிஃபின் உண்மையான வாரிசைத் தேடினால் நகரத்தில் கிடைக்க மாட்டார், ஜில்லாவில்தான் கிடைப்பார்.

சரி, சித்தூரில் என்ன நடந்தது?

1801 ஜூலையில் ஆற்காடு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுசாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வட ஆற்காடு ஜில்லா உருவானது. அதன் தலைநகரம் வேலூர் இல்லை, சித்தூர். 1911-இல் சித்தூர் தனி ஜில்லா ஆகும்வரை, இன்றைய ராணிப்பேட்டை, வேலூர், ஆரணிப் பக்கத்து மக்களும் கலெக்டரைப் பார்க்க சித்தூருக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி வருவதற்கு முன் இந்தப் பகுதியில் ஷெரிஃபின் வேலை துண்டுதுண்டாகப் பலரிடம் இருந்தது. காவல் பாளையக்காரர்களிடம், அதற்காக அவர்கள் ஊர்களிடம் காவல் கூலி வாங்கினார்கள். வசூல், நவாபிடம் குத்தகை எடுத்தவர்களிடம். திருமலைக்கு யாத்ரீகர்கள் கொண்டுவரும் காணிக்கை வருமானமும் இப்படியே குத்தகைக்குப் போனது. குத்தகைதாரர் நவாபுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, பக்தர்களிடமிருந்து வருவதில் தன் லாபத்தைப் பார்ப்பார். 12-ஆம் நூற்றாண்டு ஷெரிஃப் கவுன்டியில் செய்ததும் இதேதான்.

கம்பெனி இதை மாற்றியது. குத்தகைதாரருக்குப் பதில் சம்பளம் வாங்கும் கலெக்டர். இது நிஜமான முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. பாளையக்காரர்களின் காவல் உரிமையும் பறிக்கப்பட்டது. 1804-05-இல் சித்தூர் பாளையங்களில் கிளர்ச்சி வெடித்தபோது ராணுவத்தை வைத்து அடக்கினார்கள். கோவில் நிர்வாகமும் கலெக்டரின் பார்வைக்குள் வந்தது. 1803-இல் கலெக்டர் ஸ்ட்ராட்டன் திருமலைக் கோவிலின் வரவு செலவு, பூஜைகள், ஊழியர்கள் பற்றி விரிவான அறிக்கை அனுப்பினார். 1821-இல் கோவிலை எப்படி நடத்துவது என்று 42 விதிகள் தொகுக்கப்பட்டன. புரூஸ் கோட் என்று அதற்குப் பெயர். பூஜை முறையில் கை வைக்காமல், பணத்தையும் ஆட்களையும் மட்டும் கட்டுக்குள் வைக்கும் விதிகள். கிறிஸ்தவ அதிகாரிகள் வெங்கடாசலபதி கோவிலின் உண்டியல் கணக்கைப் பார்த்த காலம் அது.

இங்கிலாந்தில் மிஷனரிகளுக்கு இது பொறுக்கவில்லை. கோவில் விவகாரங்களிலிருந்து விலகச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 90 ஆண்டுகள் அவர்களிடம் இருந்து, 1933-இல் தேவஸ்தானம் பிறந்தது.

ஒரே கையில் எல்லாம்

கோவில் போனாலும் மற்ற அதிகாரங்கள் கலெக்டரை விட்டுப் போகவில்லை. உண்மையில் ஆரம்பத்தில் அவை பிரிந்துதான் இருந்தன. 1802-இல் மெட்ராஸ் மாகாணம் கார்ன்வாலிஸின் வங்காள முறையைப் பின்பற்றியது: வசூல் கலெக்டருக்கு, போலீஸும் நீதியும் ஜில்லா நீதிபதிக்கு. இதைத் தலைகீழாக மாற்றியவர் தாமஸ் மன்றோ. இந்த மக்களுக்கு அதிகாரம் ஒரே இடத்தில் இருந்தால்தான் புரியும், கலெக்டர்தான் ஊர் ஊராகப் போகிறவர் என்பது அவர் வாதம். 1816-இன் ஒழுங்குமுறைச் சட்டங்கள் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் போலீஸையும் கலெக்டரிடம் கொடுத்தன. அவருக்குக் கீழே தாசில்தாரே ஊர் போலீஸுக்கும் தலைவர்.

மன்றோவை இன்றும் நல்லவராக நினைக்கும் ஊர்கள் ராயலசீமாவில் உண்டு. திருமலையில் அவர் பெயரில் 'மன்றோ கங்காளம்' என்று ஒரு நைவேத்தியப் பாத்திரமே இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் இந்த ஒரு முடிவின் விலையை விவசாயிகள் கொடுத்தார்கள். வரி கேட்டு வருபவரும் போலீஸும் ஒரே ஆள் என்றால், கட்டாதவர் யாரிடம் போய் முறையிடுவார்?

1855-இல் வெளிவந்த மெட்ராஸ் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வரி பாக்கிக்காகக் குடியானவர்களை என்னென்ன செய்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. 'கிட்டி' போட்டு விரல்களை நெரிப்பது. 'அண்ணாந்தாள்', அதாவது கழுத்தையும் கால்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது. இவை ஆங்கில அறிக்கையில் அப்படியே தமிழ்ச் சொற்களாக ஏறியிருக்கின்றன. வரி வசூலிக்கும் கையும் போலீஸ் கையும் ஒன்றாக இருப்பதே மூல காரணங்களில் ஒன்று என்றது குழு. 1859-இல் மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்து, தனிப் போலீஸ் படை உருவானது. ரெண்டு வருடம் கழித்து நாடு முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது.

இங்கிலாந்தில் ஷெரிஃப் மேல் புகார் சொன்ன பிரபுக்களிடம் ஆயுதம் இருந்தது, அரசனை மேஜைக்கு இழுக்க முடிந்தது. சித்தூர் குடியானவரிடம் மனு மட்டும்தான் இருந்தது. கலெக்டரின் அதிகாரம் இவ்வளவு மெதுவாகக் குறைந்ததற்கு எனக்குத் தெரிந்து முக்கியக் காரணம் இதுதான்.

இன்று கலெக்டரிடம் என்ன மிச்சம்?

மாஜிஸ்திரேட் அதிகாரத்தைப் பிரிக்கச் சொல்லி 1880-களிலிருந்தே காங்கிரஸ் மாநாடுகள் தீர்மானம் போட்டன. அரசியல் சாசனத்தின் 50-ஆவது பிரிவு, நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை நாடு முழுக்கச் செய்து முடித்தது. வழக்கை விசாரித்துத் தண்டனை கொடுப்பது உயர் நீதிமன்றத்தின் கீழ் உள்ள நீதித்துறை மாஜிஸ்திரேட். கலெக்டர் நிர்வாக மாஜிஸ்திரேட் மட்டும்.

வசூல் இன்று அவருடைய வேலையில் சின்னப் பகுதி. நில எடுப்பு, தேர்தல், புயல் வெள்ளம், ரேஷன், நலத்திட்டங்கள் என்று பட்டியல் வேறு பக்கம் நீண்டுவிட்டது. இருந்தாலும் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பெயர்ப்பலகையில் கலெக்டர் என்ற சொல் போகவில்லை. உத்தரப் பிரதேசத்தில் அதே ஆளை டிஎம் என்கிறார்கள், கர்நாடகாவில் டிசி. நாம் தமிழில் 'மாவட்ட ஆட்சியர்' என்று மொழிபெயர்த்தபோது, வசூலிப்பவர் என்ற அர்த்தத்தை விட்டுவிட்டு ஆள்பவர் என்று எழுதிவிட்டோம். அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவருக்கு அந்த மொழிபெயர்ப்புதான் சரியாகவும் படும்.

திருப்பதியில் இன்று கலெக்டர் வேறு, தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரி வேறு. பொதுவாக இருவருமே ஐஏஎஸ் அதிகாரிகள். 1821-இல் சித்தூரில் ஒருவர் பார்த்த வேலையை இப்போது இரண்டு ஆபீஸ்கள் பார்க்கின்றன.

பழைய அதிகாரத்தில் சாதாரண மக்களை நேரடியாகத் தொடும் ஒன்று மிச்சமிருக்கிறது. நாம் 144 தடை உத்தரவு என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு. மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டர் கூட்டத்தைத் தடுக்கலாம், ஊர்வலத்தை நிறுத்தலாம். அந்த உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் மாநில அரசு உத்தரவிட வேண்டும், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். உத்தரவால் பாதிக்கப்பட்ட யாரும் அதை ரத்து செய்யவோ மாற்றவோ சொல்லி அதே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அவர் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இப்படிப்பட்ட உத்தரவுகளை அரசு வெளியிட்டே ஆக வேண்டும், அவை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் ஊரில் தடை உத்தரவு போட்டால், முதலில் கேட்க வேண்டியது அதன் நகலைத்தான்.